டைரக்டர் வாங்கின பங்கு

கோயம்புத்தூர் பீளமேட்டில், ஒரு மெஸ்ஸுக்கு மேலே மாடியறையில் கோகிலவாணி பங்குச்சந்தைப் பாடம் சொல்லிக்கொடுத்து வந்தாள். வயசு ஐம்பத்திரண்டு. அவளிடம் படிக்க வந்தவர்களில் மூத்தவர் வெள்ளிங்கிரி. பம்புசெட் கம்பெனியில் இரும்பு வார்க்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபத்திரண்டு வயசு. தன்னைவிடச் சின்னவள்தான் என்றாலும், டீச்சர் எதிரே வந்தால் உட்கார்ந்திருக்க அவருக்கு வராது.

அன்றைக்கு மதியம் மூன்றேகால் மணிக்கு, மூச்சு வாங்க மாடியேறி வந்தார். சந்தை மூடக் கால்மணி நேரம் இருந்தது.

"ஒரே ஒரு கேள்விங்க டீச்சர்."

"முதல்ல உக்காருங்கய்யா. என் படிக்கட்டு மேல பழியைப் போட்றாதீங்க."

அவர் உட்காரவில்லை.

"ஒரு டைரக்டர் தன் கைக்காசைப் போட்டுத் தன் கம்பெனிப் பங்கையே வாங்கறார்னா, நல்ல அடையாளம்தானுங்களே?"

"எந்தக் கம்பெனி?"

செல்போனை நீட்டினார். செமிகண்டக்டர் சிப் செய்கிற கம்பெனி. ஆறு மாசத்தில் விலை பாதியாகியிருந்தது. அந்த வாரம் மட்டும் மூன்று டைரக்டர்கள் வாங்கியதாக எக்ஸ்சேஞ்சில் அறிவித்திருந்தார்கள்.

"எவ்வளவு போடப் போறீங்க?"

"எட்டு லட்சம்."

"சுகந்தி ஆபரேஷனுக்கு வெச்சிருந்ததா?"

வெள்ளிங்கிரி தரையைப் பார்த்தார். மகளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஒன்றைக் கொடுக்க அம்மாக்காரி தயார். ஆஸ்பத்திரியில்தான் பதினாலு லட்சம் கேட்டிருந்தார்கள்.

"எட்டை வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது? பாதிக் கிட்னியா வெப்பாங்க?"

டீச்சர் செல்போனை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"உள்ளுக்குள்ள இருக்கறவங்களே வாங்கறாங்க டீச்சர். அவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப்போகுது?"

அவள் எழுந்து பீரோவைத் திறந்தாள். அதே மாதிரி எக்ஸ்சேஞ்ச் அறிவிப்புகள், பழுப்பேறின மூன்று தாள்களை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"சத்தமாப் படிங்கய்யா."

"ரத்தினசபாபதி, நிதி டைரக்டர். வாங்கினது நாலாயிரம் பங்கு. விலை இருநூத்திப் பத்து."

"அடுத்தது?"

"அதே ஆளுங்க. நூத்தி அறுபது." தாளைத் திருப்பினார். "மறுபடியும் அவரேதானுங்க. தொண்ணூறு ரூபா." அவர் முகம் மலர்ந்தது. "அட, விழ விழ வாங்கியிருக்காரே! மனுசனுக்கு என்ன தைரியம்! இதுவும் சிப்பு கம்பெனிங்களா?"

"ஆமா."

"இப்ப என்ன விலைங்க?"

"கம்பெனியே இல்லைங்கய்யா. பூட்டி ஒன்பது வருசமாச்சு."

வெள்ளிங்கிரி தாளில் இருந்த பேரை மறுபடியும் பார்த்தார்.

"இந்த டைரக்டரு?"

"எங்க வீட்டுக்காரர். பூட்டின மறுவாரம் உயிரை விட்டுட்டார். தானாத்தான்."

சுடுகிற கல்லைக் கீழே வைக்கிற மாதிரி வெள்ளிங்கிரி தாள்களை மேஜை மேல் வைத்தார்.

"அவர் பேரை வாங்கினவங்க லிஸ்டுல பார்த்துட்டு இந்தத் தெருவே வாங்குச்சு. கீழ மெஸ் நடத்தறாங்களே ராசம்மாக்கா, கழுத்துல கிடந்ததை வித்து வாங்கினாங்க. இன்னைக்கும் எனக்குச் சோறு போடறாங்க. ஒரு வார்த்தை கேட்டதில்லை."

வெள்ளிங்கிரி செல்போனைப் பார்த்தார். திரை வெளிச்சமாகவே இருந்தது. விரல் வைத்தால் போதும், வாங்கிவிடலாம். மூட இன்னும் ஏழு நிமிஷம்.

"மனசுல பட்டதைக் கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க டீச்சர். தேறிரும்னு நம்பித்தான் அவர் வாங்கினாருங்களா? இல்ல, எங்களை மாதிரி ஆளுங்க நம்பட்டும்னு வாங்கினாருங்களா?"

கோகிலவாணி தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"இருபத்தொரு வருசம் ஒரே கட்டில்ல படுத்தேனுங்கய்யா," என்றாள். "எனக்கே தெரியலை."