ஊமைக் கட்டை

"பெட்டியை வித்தது தப்பு தாயே," என்றார் தில்லைநாயகம்.

அரசாயி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆற்றங்கரை மடத்துக்கு அவள்தான் குரு. தில்லைநாயகத்தைவிட வயதில் மிகவும் இளையவள்.

"விக்கச் சொன்னது யாரு?"

"யாருமில்லை. பற்றை அறுக்கணும்னு மடத்துக்கு வந்தேன். அறுக்கிறதுக்கு என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்."

காலால் மிதித்து வாசிக்கிற ஆர்மோனியம் அது. அது போனதிலிருந்து தில்லைநாயகம் பாடவே இல்லை. மற்றவர்கள் பாடும்போது அவருடைய கால் மட்டும் வெறுந்தரையை மிதித்துக்கொண்டிருக்கும்.

"வேற ஒண்ணு வாங்கலாம்னு டவுன்ல எல்லாக் கடையும் ஏறி இறங்கிட்டேன். கடைக்காரங்க வாசிச்சுக் காட்டினாங்க. ஒண்ணும் சரியில்லை."

"நீங்க வாசிச்சுப் பார்த்தீங்களா?"

"தொடவே இல்லை. தொட்டா பழசுக்குத் துரோகம் மாதிரி இருந்தது."

"பொண்ணு பார்க்கப் போனவர் மாதிரி பேசறீங்க. என்ன சரியில்லை?"

"விம்மல் இல்லை தாயே. பாட்டு மேலே ஏறுற இடத்துல என் பெட்டி ஒரு விம்மு விம்மும். கேக்கிறவங்க கண்ணு கலங்கிடும்."

அரசாயி கீரையைத் தள்ளி வைத்தாள்.

"எழுந்திரிங்க. அந்தப் பெட்டியையே போய்க் கேட்போம்."

பெட்டியை வாங்கியவர் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்த மாசிலாமணி.

"மெஷின் மிதிச்ச காலு, இதுக்கும் சரியா வரும்னு வாங்கினேன்," என்றவர், உட்கார்ந்து ஒரு பாட்டு வாசித்தார்.

சுருதி சுத்தம். தாளம் சுத்தம். விம்மல் இல்லை.

"இது என் பெட்டி இல்லை," என்றார் தில்லைநாயகம்.

"நல்லாப் பாருங்க ஐயா. மூடியில உங்க விபூதிகூட அப்படியே இருக்கு. அழுத்தினா சத்தமே வராம ஊமையாக் கிடந்த பஞ்சமக் கட்டையை மட்டும் சரி பண்ணினேன்."

"எது ஊமை?"

மாசிலாமணி அரசாயி பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷம் இதுலதான் வாசிச்சாரா இவரு?"

"இப்பவும் வாசிப்பாரு. எழுந்து இடம் விடுங்க."

மாசிலாமணி எழுந்து, வெட்டக் கிடந்த துணிப்பக்கம் போய்க் கத்தரிக்கோலை எடுத்தார். தில்லைநாயகம் உட்கார்ந்தார். கால் மிதித்தது. பாட்டு ஏறியது. பஞ்சமம் வரவேண்டிய இடத்தில் விரல் அந்தக் கட்டையைத் தொடாமல் தாண்டியது. தாண்டும்போதே கால் ஓர் அழுத்து அழுத்தியது.

பெட்டி விம்மியது.

மாசிலாமணி கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

தில்லைநாயகம் தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு விரலைப் பார்த்தார். பிறகு, அது தாண்டி வந்த கட்டையைப் பார்த்தார்.

மெல்ல அதன்மேல் விரலை வைத்தார்.

பஞ்சமம் பேசியது.

"அடடே!"

இன்னொரு தடவை அழுத்தினார். இன்னொரு தடவை. சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடு பாட்டும் வந்தது.

"அம்மா, அவரு பெட்டியை அவரே எடுத்துட்டுப் போகட்டும்," என்றார் மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டே. "வண்டி கூப்பிடட்டுமா?"

"கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் அரசாயி. "அவரு பழசை எடுக்க வரலை. வாசிச்சுப் பார்த்துப் புதுசு வாங்கிட்டிருக்காரு."