ஆவுடையப்பன் அழித்த கோடு

ஆவுடையப்பனுக்கு வயது அறுபத்து மூன்று. முப்பத்தெட்டு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கண் சும்மா இருக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால், மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னால் எங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பார்.

அவருடைய குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்திரண்டு வயது. தூத்துக்குடியில் ஒரு தையல்கடை மாடியில் சனிக்கிழமைதோறும் பட டைரி எழுதக் கற்றுக்கொடுத்தாள். நாளுக்கு ஒரு பக்கம். பார்த்ததை வரைய வேண்டும், பக்கத்தில் இரண்டு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான் பாடம். தன் வயதில் பாதிதான் என்றாலும் ஆவுடையப்பன் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

அந்த இத்தனூண்டு பாடம் அவருக்கு வரவில்லை. வரைந்த டம்ளர் கோணினால் கிழித்துவிடுவார். வர்ணம் கோட்டைத் தாண்டினால் கிழித்துவிடுவார். இரண்டே மாதத்தில் நூறு பக்க நோட்டு வெறும் அட்டையாகிக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு கேட்டார்.

"டீச்சர், வரையும்போது தப்பு வந்துட்டா நீங்க என்ன செய்வீங்க?"

ஜெசிந்தா கொஞ்சம் யோசித்தாள். பிறகு பையிலிருந்து தன்னுடைய டைரியை எடுத்து நீட்டினாள்.

"ஒரு வாரம் வச்சிருந்து பாருங்க சார்."

"நீங்களே சொல்லிரலாமே?"

"பாருங்க."

வீட்டில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். அசந்துபோனார். மீன் ஏலம், உப்பளம், பேருந்தில் தூங்கி வழிகிறவர்களின் கழுத்துகள். அங்கங்கே காபிக் கறையும் மை சிந்தலும் இருந்தன. அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தார். நடுவில் ஒரு பக்கம் வந்தபோது அவரால் முடியவில்லை.

ஒரு ஜன்னல். வெளியே வேப்பமரம். கிளையில் ஒரு காக்கை. இறகு இறகாக எண்ணிவிடலாம், அப்படி ஒரு காக்கை. அதன் அலகிலிருந்து தடியாக ஒரு கறுப்புக் கோடு கிளம்பி, மரத்தையும் ஜன்னலையும் குறுக்கே வெட்டி, தாளின் கீழ்மூலை வரைக்கும் ஓடியிருந்தது. அடியில் தேதி மட்டும். வேறு ஒரு எழுத்தும் இல்லை.

யாரோ இடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். பாவம், எவ்வளவு நொந்துபோயிருப்பாள்.

மூன்று நாள் வேலை. தாள் லேசாகப் பழுத்திருந்ததால் வெள்ளை வர்ணத்தில் ஒரு சொட்டுத் தேயிலைச் சாயம் கலந்தார். கோட்டை இம்மி இம்மியாக மறைத்தார். அறுந்த கிளைகளைச் சேர்த்தார். ஜன்னல் கம்பிகளை நேராக்கினார். முடிந்தபோது கோடு இருந்த இடம் அவருக்கே தெரியவில்லை. தன் கையால் வரைந்த ஒன்று முதல்முறையாக அவருக்குப் பிடித்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டார். தானே அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தார்.

"சொல்லாம ஒரு காரியம் பண்ணியிருக்கேன் டீச்சர். பாருங்க."

ஜெசிந்தா பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தாளை விரலால் தடவினாள். முன்னும் பின்னும் புரட்டினாள், பக்கம் மாறிவிட்டதோ என்பதுபோல. ஜன்னலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

"கோடு எங்க சார்?"

"எடுத்துட்டேன். தெரியவே இல்லல்லா?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அது அம்மா போட்டது சார்."

அவருக்குப் புரியவில்லை.

"பக்கவாதம் வந்து அம்மா இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில அசையாம கிடந்தாங்க. நான் பக்கத்துல உட்கார்ந்து வெளியே இருந்த காக்கையை வரைஞ்சுக்கிட்டிருந்தேன். திடீர்னு அம்மா கை தூக்குச்சு. என் முழங்கை மேல வந்து விழுந்துச்சு. பேனா இழுத்துக்கிட்டுப் போயிருச்சு." நிறுத்தினாள். "அப்புறம் அந்தக் கை அசையல. மறுநாள் போயிட்டாங்க."

கீழே தையல் மெஷின் ஓடுவது எங்கோ தூரத்தில் கேட்டது. ஆவுடையப்பன் தன் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் வெள்ளை வர்ணம் இருந்தது.

"ஒரு வார்த்தை எழுதி வச்சிருக்கக் கூடாதா?" சண்டைக்குப் போகிறவர் குரல்போல வந்தது. அந்தக் குரல் அவரையே பயமுறுத்தியது.

"எனக்குத்தான் தெரியுமேன்னு எழுதல. உங்ககிட்ட சொல்லாம குடுத்தது என் தப்புதான்."

அவர் பென்சில் சீவுகிற பிளேடைத் துழாவி எடுத்தார். "சுரண்டிப் பாக்கேன். மேலாகத்தான் பூசியிருக்கேன்..."

பிளேடைத் தாள்மேல் வைத்தார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தாள் கிழிஞ்சிரும் சார்."

"அப்ப பஞ்சுல தண்ணி தொட்டு..."

"மையும் சேர்ந்து போயிரும்."

பிளேடு கீழே விழுந்தது. அவர் அவள் எதிரே உட்கார்ந்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார்.

"டீச்சர், அந்தக் கோடு எனக்கு மனப்பாடம். மூணு நாளா அதையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். எங்க தடிச்சுது, எங்க மெலிஞ்சுது, எந்தக் கம்பியைத் தாண்டும்போது துள்ளுச்சு, எல்லாம் தெரியும். பேனாவைக் குடுங்க. இம்மி பிசகாம இழுத்துத் தாரேன்."

ஜெசிந்தா அவரையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"சரியா வந்திரும் சார். அதனாலதான் வேண்டாம்."

அவர் பேனாவுக்காக நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

படிக்கட்டில் யாரோ ஏறிவரும் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பேனாவைத் திறந்து அந்தப் பக்கத்தின் அடியில் எழுதினாள். அவர் குனிந்து பார்த்தார். பழைய தேதிக்குப் பக்கத்தில் 'அம்மா கை' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே அன்றைய தேதி. 'ஆவுடையப்பன் சார் கை.'

"என் பேரை எதுக்கு டீச்சர் எழுதுதீங்க? நான் பண்ணுனது பாவம்லா?"

அவள் மை காயட்டும் என்று தாளை மெதுவாக ஊதினாள்.

"ரெண்டும் இந்தப் பக்கத்துல நடந்ததுதானே சார்."