துபாஷி கையில் யானைச் சங்கிலி

முன்னொரு காலத்தில், கும்பினித் துரைமார் கடுதாசி எழுதியே நாட்டை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தபோது, வேம்பனூரைச் சொக்கலிங்க பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒருவனுக்கு மோதிரம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் அவனையே சிறையில் போடச் சொல்லும் மனுஷர் அவர்.

அரண்மனையில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் துபாஷி திருவேங்கடம். துரைமார் கடுதாசியைத் தமிழில் சொல்வது அவர் வேலை. தப்பாகச் சொன்னாலும் கேட்க நாதி கிடையாது. அந்தத் திமிரில் மந்திரி அழகாத்திரியைக்கூட அவர் மதிப்பதில்லை. போன பொங்கலன்று பட்டத்து யானை செங்கமலம் அவருடைய தலைப்பாகையை உருவி மென்றுவிட்டது. ஊரே சிரித்தது. ஆனால் பாகன் பேச்சிமுத்து சிரித்ததைத்தான் துபாஷி மனசில் வைத்துக்கொண்டார்.

தேர்த் திருவிழா வந்தது. கும்பினிப் படை தங்கியிருந்த பட்டாளத் தெரு வழியாக யானையைக் கூட்டிப்போகலாமா என்று ராஜா கலெக்டர் துரையைக் கேட்டு எழுதியிருந்தார். பதில் வந்ததும் துபாஷி படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"யானை விஷயம் சாங்ஷன் என்று எழுதியிருக்கிறது மகாராஜா. சாங்ஷன் என்றால் தண்டனை. யானையைக் கும்பினியிடம் ஒப்படைத்துவிட்டு, பாகனைச் சிறையில் போட வேண்டும்."

ராஜா உடனே சரி என்றுவிட்டார். தான் சிறைக்குப் போவதுகூடப் பேச்சிமுத்துவுக்குப் பெரிதில்லை. செங்கமலம் வேறொருத்தன் கையால் கவளம் வாங்காதே, பட்டினி கிடந்தே செத்துப்போகுமே என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மந்திரி முற்றத்தைப் பார்த்தார். கடுதாசி கொண்டுவந்த சேவகன் மூன்றாவது அதிரசத்தில் பாதியைப் பிய்த்து யானைக்கு நீட்டிக்கொண்டிருந்தான். யானையைப் பிடித்துப்போக வந்தவன் செய்கிற காரியமா இது?

வேம்பனூரில் ஒரு வழக்கம் உண்டு. கும்பினிக்கு எதை அனுப்பினாலும், கடுதாசி படித்தவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும். இதுவரை போனதெல்லாம் மாம்பழக் கூடைகள். பாதிக் கூடைகள் துபாஷி வீட்டோடு நின்றுவிடும் என்பதால் அவர் அந்த வழக்கத்தைக் குறை சொன்னதே இல்லை.

மந்திரி அதை ராஜாவுக்கு நினைவூட்டினார். "பாகன்தான் சிறைக்குப் போகிறானே மகாராஜா. துபாஷியே யானையை நடத்திக்கொண்டு போகட்டும். ஏழு நாள் நடைதான்."

ராஜாவுக்கு யோசனை பிடித்துப்போனது. சங்கிலியைத் துபாஷி கையில் கொடுத்தார்கள். செங்கமலம் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, புதுத் தலைப்பாகையை நோக்கித் துதிக்கையை நீட்டியது.

துபாஷி ஒரு கையால் தலைப்பாகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "மகாராஜா, சாங்ஷனுக்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. அனுமதி. தாராளமாகக் கூட்டிப்போகலாம் என்று அர்த்தம்."

"ஒரே சொல்லுக்குத் தண்டனையும் அனுமதியுமா?" என்றார் ராஜா.

"இங்கிலீஷ் அப்படித்தான் மகாராஜா."

"இருக்கட்டும். சங்கிலி பாகன் கையில் இருந்தபோது அந்த அர்த்தம் ஏன் உமக்கு ஞாபகம் வரவில்லை?" என்று கேட்டார் மந்திரி.

பிறகு சேவகனைக் கூப்பிட்டு விசாரித்தார். ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு வரச்சொல்லித்தான் துரை தன்னை அனுப்பினார் என்றான் அவன்.

ராஜா மந்திரிக்கு முத்துமாலை போட்டார். பேச்சிமுத்துவுக்குப் பட்டு கொடுத்தார். இனிமேல் எந்தக் கடுதாசி வந்தாலும் துபாஷி யானைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அன்றுமுதல் ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் துபாஷி இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுவார். தலைப்பாகை கட்டுவதைத்தான் விட்டுவிட்டார்.