கணுக்கால் தண்ணியில ராஜா விருந்து

ரொம்பக் காலத்துக்கு முந்தி, ரெண்டு ஆத்துக்கு நடுவுல அல்லிச்சீமைன்னு ஒரு சீமை. அதை மகுடேசன்னு ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனா யாரு கடைசியாப் பேசுறாங்களோ அவங்க பக்கம் சாஞ்சிருவான். ஒருதடவை அரண்மனைக் கிளி வணக்கம் சொல்லலைன்னு கூண்டு முன்னாடி பொழுது சாயுற வரைக்கும் நின்னான். கடைசியில இவன்தான் கிளிக்கு வணக்கம் சொன்னான்!

அது கிடக்கட்டும். அந்த ஐப்பசியில ரெண்டு ஆறும் சேந்து ஊருக்குள்ள வந்துருச்சு. களஞ்சிய அதிகாரி ஏகாம்பரம் ஒரு கோலைத் தூக்கிக்கிட்டு, தெருத்தெருவாத் தண்ணியை அளந்தான். மந்திரி சேந்தனோட பதவி மேல அவனுக்கு ரொம்ப நாளாக் கண்ணு. அவன் மாமியா கதை ஒண்ணு இருக்கு, அதைச் சொன்னா இன்னிக்குச் சோறாக்க முடியாது.

"மகாராஜா, எங்க மாளிகைத் தெருவுல நெஞ்சளவு தண்ணி. பாய் நெய்யுற கோரைக்குடியில வெறும் கணுக்காலளவு, சேதமே இல்ல. நெல்லுத் தோணியெல்லாம் எங்க தெருவுக்கே போகட்டும்"ன்னான் ஏகாம்பரம்.

சேந்தன் குறுக்க வந்தான். காலையிலதான் கோரைக்குடியைப் பாத்துட்டு வந்திருந்தான். "மகாராஜா, மாளிகைத் தெருவுல கல்லு வீடு, மாடியிருக்கு. கோரைக்குடியில மண்ணு குடிசை. புள்ளைங்க பசியில சுருண்டு கிடக்குதுங்க."

"கோலு பொய் சொல்லுமாய்யா?"ன்னு ராஜா சிரிச்சான்.

இந்தத் தோணிங்க போயிட்டா கோரைக்குடிக்கு ஒரு மணி நெல்லு கிடையாது. விடக்கூடாதுன்னு சேந்தன் ஒரு வழி தேடுனான். அந்தச் சீமையில ஒரு வழக்கம் உண்டு. வெள்ளம் வந்தா, சேதமில்லாத தெருவுல ராஜா ஒரு வேளை சாப்பிட்டு ஆத்துக்கு நன்றி சொல்லணும். அதுக்கப்புறந்தான் தோணியை அவுக்கலாம்.

"கோலு சொன்னாச் சரிங்க. அப்ப மதியச் சாப்பாடு கோரைக்குடியில. ஏகாம்பரம் அண்ணனே பரிமாறட்டும்"ன்னான்.

சாப்பாடுன்னதும் ராஜா எந்திரிச்சுட்டான். ஏகாம்பரம் முழிச்சான். தன் வாயாலேயே சேதமில்லைன்னு சொல்லிட்டானே, மறுக்க முடியுமா?

கோரைக்குடியில மூக்காயின்னு ஒரு பொண்ணு, கைப்புள்ளையோட உரல் மேல நின்னுக்கிட்டிருந்தா.

"வாங்க சாமி, உக்காருங்க."

ராஜா சுத்திமுத்தும் பாத்தான். "எங்கம்மா உக்கார்றது?"

"அதைத்தாங்க நாங்களும் தேடிக்கிட்டிருக்கோம்."

"சரி, சமையல்?"

"அடுப்பு உங்க காலுக்குக் கீழதாங்க. கரைஞ்சு போச்சு. பாத்து மிதிங்க."

"ஏகாம்பரம், பத்த வைய்யா!"ன்னான் ராஜா.

ஏகாம்பரம் குனிஞ்சான், ஈர விறகை ஊதுனான், கண்ணு செவந்துச்சு, மூக்குல தண்ணி வந்துச்சு, நெருப்பு மட்டும் வரல. குடிசைக்குள்ள கோரையெல்லாம் அழுகி நாறுது. பொழுது சாயுது. நிக்க முடியாம ராஜா கால் மாத்திக் கால் மாத்தி நிக்கிறான், வயிறு கத்துது.

அப்ப நெய் வாசம் ஒண்ணு காத்துல மிதந்து வந்துச்சு. ராஜா மூக்கை நிமித்துனான்.

"எங்கருந்துடா வருது இது?"

தூரத்து மாடியைக் கை காட்டி மூக்காயி சொன்னா, "பாவம், நெஞ்சளவு தண்ணியில தத்தளிக்கிறாங்கல்ல, அந்த வீட்டுலருந்துங்க. ஏகாம்பரம் ஐயா வீடு. அதிரசம் சுடுறாங்க போல."

அவ கைப்புள்ளை பசியில அழுதுச்சு.

ராஜா தலை குனிஞ்சான். "வழக்கம் கிடக்கட்டும், தோணியெல்லாம் இங்க திருப்புங்க. காஞ்ச விறகு ஏகாம்பரம் வீட்டுலருந்து வரும், அவன் தலையில. இங்க எல்லா அடுப்பும் எரியுற வரைக்கும் அவனுக்கு வேற வேலை கிடையாது." அப்புறம் சேந்தன் பக்கம் திரும்பி, "உனக்கு என்னய்யா வேணும்?"ன்னான்.

"அடுத்த வெள்ளத்துக்கு, எவ்வளவு ஆழம்னு முதல்ல கேக்காதீங்க. எந்த வீட்டுல அடுப்பு எரியலைன்னு கேளுங்க. அது போதும்."

அன்னிக்கு ராத்திரி நெல்லும் விறகும் வந்து, மூக்காயி காய்ச்சுன கஞ்சியைப் புள்ளைங்கெல்லாம் குடிச்சு முடிச்ச பெறகு, கடைசி ஆளா ராஜா கை நீட்டுனான். அவனும் குடிச்சு எந்திரிச்சான், நாமளும் எந்திரிப்போம்.