ஜீப்பில் ஒரு காலி இடம்

எங்கள் சைக்கிள் மாஸ்டர் பிரிசில்லாவுக்கு முப்பத்தொரு வயது. அவருடைய சீடர் சிதம்பரநாதனுக்கு ஐம்பத்தெட்டு. மின்வாரியத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், "மாஸ்டர், மாஸ்டர்" என்று அந்தப் பெண்ணின் பின்னாலேயே சுற்றுவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது, முதல் இரண்டு நாள்.

லடாக்கில் மலை சைக்கிள் பயணம். நாங்கள் ஐந்து பேர். ஐயாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் ஒரு கணவாயை ஏறிக் கடந்து, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். பின்னாலேயே ஒரு ஜீப் வரும். முடியாதவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம்.

ஏற்றத்தில் சிதம்பரநாதனை யாரும் பிடிக்க முடியாது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், வளைவுக்கு வளைவு எனக்காக நின்று காத்திருந்தார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் இறக்கம் வந்தால் மனிதர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள ஆரம்பித்துவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன் கோத்தகிரி இறக்கத்தில் விழுந்து, மணிக்கட்டில் பிளேட் வைத்திருக்கிறார்கள். போன வருஷம் இதே கணவாய் வரை ஏறிவிட்டு, ஜீப்பில்தான் இறங்கினாராம்.

"இந்தத் தடவையும் ஜீப்புன்னா, சைக்கிளை மருமகனுக்குக் கொடுத்திடுவேன். வீட்ல சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றார் என்னிடம். கண் கலங்கியிருந்தது. "அவன் நல்லா ஓட்டுவான். அதான் தாங்க முடியல."

ஏறும் வழியில் மாஸ்டரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டார்.

"மாஸ்டர், பயம் எப்போ போகும்?"

"மேலே போய்ப் பேசுவோம் சார். மூச்சை வீணாக்காதீங்க."

கணவாயில் காற்று ஆளைத் தள்ளியது. நாங்கள் போட்டோ எடுத்துக்கொண்டோம். டிரைவர் யாரும் சொல்லாமலே சிதம்பரநாதனின் சைக்கிளை ஜீப் மேலே ஏற்றிக் கட்டினார். போன வருஷப் பழக்கம்.

மாஸ்டர் தன் சைக்கிளைச் சாய்த்து வைத்துச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். சிதம்பரநாதன் பக்கத்தில் குந்தினார்.

"இப்போ சொல்லுங்க. உங்களுக்கு எப்படிப் பயம் போச்சு?"

மாஸ்டர் பிரேக்கிலிருந்து இரண்டு பேடுகளை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தார். பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தில் இருக்கும் தட்டைக் கவ்வுகிற சின்னத் துண்டுகள். தேய்ந்து தேய்ந்து அடி இரும்பு தெரிந்தது.

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"போன வாரம் மாட்டினேன் சார். நாலு இறக்கம்."

"நாலே இறக்கத்துல இவ்வளவு தேயுமா?"

"எனக்குத் தேயும்."

"என்னோடது?"

"காலையில பாத்தேன். வாங்கினப்போ இருந்த மாதிரியே இருக்கு."

மாஸ்டர் புது பேடுகளை மாட்டிச் சக்கரத்தைப் பூட்டினார். சிதம்பரநாதன் பழையதைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்தார். ஜீப்பின் கதவைத் திறந்து வைத்திருந்தார் டிரைவர். இவர் மேலே கையைக் காட்டினார். டிரைவருக்குப் புரியவில்லை. கடைசியில் இவரே ஜீப் மேல் தொற்றி ஏறிக் கயிற்றை அவிழ்த்தார்.

இறக்கம் இரண்டு மணி நேரம். நான் அவருக்குப் பின்னால் வந்தேன். அவர் பிரேக் அலறியது, அவரும் அலறினார். எத்தனை வளைவோ அத்தனை "முருகா!" ஓர் இடத்தில் காலை ஊன்றி நின்றுவிட்டார். ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. கதவு திறந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி மிதித்தார்.

கீழே ஓடைப் பக்கம் போய் நின்றபோது, ஹேண்டில்பாரிலிருந்து அவருக்கு விரல்களை எடுக்க வரவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், மாஸ்டரிடம் சண்டைக்குப் போனார்.

"மாஸ்டர், பயம் போகவே இல்லையே! மேலே எப்படி இருந்ததோ அப்படியே இருக்கு!"

மாஸ்டர் பாட்டிலைத் திறந்து, அவருடைய பிரேக் தட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சுர்ரென்றது. பிறகு தன்னுடையதில் தெளித்தார். அதுவும் சுர்ரென்றது.

சிதம்பரநாதன் இரண்டு சக்கரங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ இது எப்பத்தான் போகும்?"

"போச்சுன்னா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."