ரோஸ்லின் அனுப்பிய பாட்டு

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்தொன்று. மாற்றிச் சொல்லிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம், அப்படித்தான்.

குருவின் பெயர் பிரமிளா. புதுச்சேரியில் ஒரு பம்ப்செட் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் சின்னதாக ஓர் இணைய வானொலி நடத்தி வந்தாள். வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம். சினிமாப் பாட்டு கிடையாது. பெரிய கம்பெனி வெளியிட்ட பாட்டும் கிடையாது. தானே எழுதி, தானே பாடி, வீட்டிலேயே பதிவு செய்து, கேட்க ஆளில்லாமல் வைத்திருப்பவர்களின் பாட்டு மட்டும்தான். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள் என்று நினைத்து ஆரம்பித்தாள். அது தப்புக்கணக்கு.

சீடர் தணிகாசலம், மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாட்டுப் பைத்தியம். வந்து குவிகிற பாட்டுகளை முதலில் கேட்டுப் பொறுக்கித் தருகிற வேலையைத் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். சம்பளம் கிடையாது. முதல் நாள் விளையாட்டாக “குருவே” என்று கூப்பிட்டார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

இரண்டு வருஷத்தில் அவருக்குக் காது மரத்துப்போனது.

டாக்டரிடம் காட்டுகிற கோளாறு இல்லை. பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தால் கேட்கும். பாட்டுதான் கேட்கவில்லை. மழை, மலை, பிரிவு, நகரத்தில் தனிமை. ஒரு கிடார், ஒரு பெருமூச்சு. எல்லாம் ஒரே பாட்டாகத் தலைக்குள் ஓடி வடிந்தது. வீட்டில் மனைவி ரேடியோ போட்டால் “அதை நிறுத்தித் தொலையேன்” என்று எரிந்து விழுந்தார். பாட்டு கேட்டுக்கொண்டே சாப்பாட்டை மறக்கிற மனுஷன் அவர். தன்னை நினைத்து அவருக்கே அழுகை வந்தது.

அந்தப் புதன்கிழமை மதியம், ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“குருவே, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க சார்.”

“இத்தனை பேர் பாடி அனுப்பறாங்களே, இதுல நல்ல பாட்டுக்காரங்கள எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

பிரமிளா அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம்தான்.

“தெரிஞ்சா நான் ஏன் சார் இப்படி உக்காந்திருக்கேன்?”

சீடர் பெருமூச்சு விட்டு ஹெட்போனை மறுபடி எடுத்தார். அதற்குள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். தோளில் கிடார். படியேறி வந்ததில் மூச்சு இரைத்தது.

“தணிகாசலம் சார் யாருங்க?”

“நான்தாம்மா.”

“எம் பேரு ரோஸ்லின். காரைக்கால்லேருந்து வரேன். அங்க ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை. போன மாசம் உங்களுக்கு ஒரு பாட்டு அனுப்பியிருந்தேன்.”

அவருக்கு ஞாபகமே இல்லை. இருந்தாலும் தலையை ஆட்டினார்.

“ஆமா, ஆமா. நல்ல பாட்டு.”

அவள் செல்போனை நீட்டினாள். அவர் எழுதிய பதில் அதில் இருந்தது. ‘உங்கள் பாடல் மனதை உருக்கியது. குரலில் ஒரு தனித்தன்மை இருக்கிறது. இந்த முறை இடம் இல்லை. தொடர்ந்து பாடுங்கள்.’ ஓர் எழுத்துகூட மாறாமல் எல்லாருக்கும் போகிற பதில்தான்.

“நேத்து அந்த ஃபைலை எடுத்துக் கேட்டேன் சார். அதுல சத்தமே இல்ல. மைக் வயரைச் செருகாமலே பதிவு பண்ணியிருக்கேன். நாலு நிமிஷமும் வெறும் காலி.”

தணிகாசலத்துக்கு முகம் வெளிறிப்போனது.

“அதுல எது சார் மனசை உருக்குச்சு?”

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை வதைத்தது. கோபப்பட்டிருந்தால் ஒரு மன்னிப்போடு போயிருக்கும். இவளோ நிஜமாகவே தெரிந்துகொள்ள வந்தவள்போல நின்றாள். காப்பாற்றேன் என்கிற மாதிரி குருவைப் பார்த்தார். குரு கம்ப்யூட்டரில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். தேடி எடுத்ததும் ஹெட்போனைத் தன் கையாலேயே அவர் காதில் மாட்டினாள்.

“ரோஸ்லின் அனுப்பினது. கேளுங்க.”

பாதியில் கழற்றப் போனவரைக் கையமர்த்தித் தடுத்தாள். இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்றுமில்லாததைக் கடைசிவரை கேட்டபடி உட்கார்ந்திருந்தார். அவர் ஆயுசில் அவ்வளவு நீளமான பாட்டைக் கேட்டதில்லை.

“என்ன கேட்டுச்சு சார்?” என்றாள் குரு.

“ஒண்ணுமே கேக்கல.”

“அதைத்தான் எழுதியிருக்கணும்.”

தணிகாசலம் ஹெட்போனைக் கழற்றினார்.

“மன்னிச்சிடும்மா. உன் பாட்டை நான் தொறக்கவே இல்ல. இப்பல்லாம் யார் பாட்டையும் ஒழுங்கா கேக்கிறதில்ல. காது ஓய்ஞ்சுபோச்சு.”

சொல்லி முடித்ததும் அவமானமாக இருந்தது. கொஞ்சம் லேசாகவும் இருந்தது.

ரோஸ்லின் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். “எங்கம்மா நல்லாருக்குங்கறாங்க. லேப்லயும் நல்லாருக்குங்கறாங்க. என்னைத் தெரியாத ஒரே ஒரு ஆள் கேட்டுச் சொல்லணும்னு ஆசை சார். கிடாரை வெலைக்குக் கேட்டு ஒருத்தர் வந்தார். உங்க பதிலைப் பாத்துட்டு அவரைத் திருப்பி அனுப்பினேன். ஞாயித்துக்கிழமை மறுபடி வராராம். குடுத்துடலாமா வேணாமான்னு தெரியல.” கிடாரை உறையிலிருந்து எடுத்தாள். “இப்பப் பாடறேன். கேக்கறீங்களா?”

கேட்டால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும். தலைக்குள் ஓடி வடியும். நல்லாருக்கு என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லும். முடியாது என்று சொல்லவும் முகமில்லை.

“பாடும்மா.”

பாடினாள். ஊசியைக் கண்டால் நடுங்குகிற ஒரு போலீஸ்காரரைப் பற்றிய பாட்டு. ரத்தம் கொடுக்க வந்தவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

பாட்டு முடிந்தது. நல்லாருக்கு என்கிற சொல் அவர் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார்.

“மொதல் அடியைக் கேட்டேம்மா,” என்றார். “அப்புறம் புத்தி முட்டிவலிக்குப் போயிடுச்சு. மாத்திரை தீந்துபோச்சே, போகும்போது வாங்கணுமேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நடுவுல நீ என்ன பாடினேன்னே தெரியாது. ‘முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்குங்க சார்’னு ஒரு எடம் வந்துதே, பாடாம சும்மா சொன்ன மாதிரி, அங்கதான் திரும்பி வந்தேன். அதுக்கப்புறம் எங்கயும் போகல.”

“அந்த எடத்துலயா?”

“ஆமா.”

“அங்க எனக்கு மெட்டே அமையல சார். எவ்வளவோ முட்டிப் பாத்துட்டு, லேப்ல சொல்ற மாதிரியே சொல்லிட்டேன்.”

“நல்லாருக்கா இல்லையான்னு மட்டும் கேட்டுடாத. எனக்குத் தெரியல.”

ரோஸ்லின் கொஞ்ச நேரம் கிடார் கம்பியை வெறுமனே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள்.

“நடுவுல வர்றது பாடும்போது எனக்கே சலிப்பாத்தான் இருக்கும் சார். அதை எடுத்துட்டு வேற எழுதறேன்.” கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். “ஞாயித்துக்கிழமை அவரை வர வேணாம்னு சொல்லிடறேன்.”

படியிறங்குகிற சத்தம் அடங்கும்வரை தணிகாசலம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. ஒரே ஒரு பாட்டைக் கேட்க இவ்வளவு பலம் வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். அவள் இருந்த நேரத்துக்குள் புதிதாகச் சில பாட்டுகள் வந்து சேர்ந்திருந்தன.

“மலை மாதிரி கெடக்குதே, குருவே. இப்படிக் கேட்டா என்னைக்கு முடிக்கிறது?”

பிரமிளா கை நீட்டித் திரையை அணைத்தாள்.

“ஒண்ணு கேட்டுட்டீங்களே சார்.”