பேய்மழையின் பொருள்

"தாயே, பேய்மழை என்பதன் பொருள் என்ன?"

கேட்டவர் கோட்டைக் கட்டியக்காரர் மாசிலாமணி. தலை முழுவதும் நரைத்தவர். அவருக்குக் கற்பித்த உமையாளோ அவரினும் இளையவள். ஆற்றங்கரை மடத்தில் இருந்தாள்.

வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

அவ்வூரில் ஒரு வழக்கம் உண்டு. கட்டியக்காரர் முரசறைந்து 'பேய்மழை' என்று கூவிவிட்டால், வாயிற்காவலர் எவர் உத்தரவுக்கும் காத்திராமல் கோட்டைக் கதவைத் திறந்து, கரையோரக் குடிகளை உள்ளே ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இன்றோ கோட்டைக்குள் பாளையக்காரர் மகளுக்குத் திருமணம். சேற்றுக் காலோடு ஊரே பந்தலுக்குள் நுழைவதா என்று அவர் முகம் சுளித்தார். தூறல் என்றே அறிவிக்க வேண்டும். மீறினால் நாக்கை அறுப்பேன் என்று கட்டியக்காரருக்குச் சொல்லியனுப்பினார்.

யானை மிதக்கும்படி பெய்தால்தான் அது பேய்மழை என்று அரண்மனைப் புலவர்களும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

"நம் ஊரில் யானை ஏது?" என்றாள் உமையாள்.

மாசிலாமணி சிரிக்கவில்லை.

"பெருமழை என்று கூவினால் என்ன, தாயே? அதுவும் உண்மைதானே. எசமானுக்கும் அவ்வளவு கோபம் வராது."

"கதவு திறக்குமா?"

அவர் தலைகுனிந்தார். "திறக்காது."

"பேய்மழைக்குப் பொருள் கேட்டீர் அல்லவா? கூவிப் பாரும்."

அவருடைய முரசைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு அவள் மழைக்குள் இறங்கினாள். நீர் இடுப்பளவு ஓடியது. அவர் பின்தொடர்ந்தார்.

கோட்டை வாயிலில் கரையோரக் குடிகள் பிள்ளைகளைத் தோளில் ஏற்றியபடி நெருக்கியடித்து நின்றார்கள். மதில்மேல் பாளையக்காரர், அவர் தலைக்குமேல் பட்டுக்குடை.

"என்ன பெய்கிறது, கட்டியக்காரரே? யோசித்துச் சொல்லும்."

மாசிலாமணி உமையாளைப் பார்த்தார். அவள் முரசை நீட்டினாள்.

ஓங்கி அறைந்தார்.

"பேய்மழை!"

காவலர் எவரும் மதிலை அண்ணாந்து பார்க்கவில்லை. தாழ்களை நீக்கினார்கள். பெருங்கதவு முனகிக்கொண்டு திறந்தது. பிள்ளைகள் முதலில் போனார்கள். பிறகு கிழவர்கள், ஆடுகள், சட்டிபானைகள்.

"உன் நாக்கை அறுக்கிறேன் பார்" என்றார் பாளையக்காரர்.

"அறுத்துக்கொள்ளுங்கள், எசமானே" என்றார் மாசிலாமணி. "அது சொல்லி முடித்துவிட்டது."